தேவதானத்தில் பன்னிரண்டு வருஷ எட்டாம் மாசம்

தேவதானம் மேலத்தெருவில் ஒரு பெண் 1976 முதல் 1987 வரை இடைவிடாமல் எட்டாம் மாசமாக இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு இது தெரியாது. அவள் புருஷனுக்கும் தெரியாது. பத்திரிகைக்காரன் எவனும் வந்து படம் பிடிக்கவில்லை. ஆனாலும் வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. எழுத்தில் முந்நூற்று அறுபது சான்றுகள் இருந்தன. கறுப்புக் காலிகோ அட்டை, முதுகில் தங்க எழுத்து, உள்ளே பொருளாதாரத் துறைத் தலைவரின் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் கல்லூரி நூலகத்தின் ஊதா முத்திரை. ஒரு விஷயம் உண்மையாவதற்கு இந்த நாட்டில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த ஊதா முத்திரைகளில் முக்கால்வாசியைக் குத்தியவள் கிருபாபாய்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் இருந்தது அந்தக் கல்லூரி. ஆண்டு விழா நாளில் இரண்டு ஊர்க்காரர்களும் 'எங்க காலேஜ்' என்பார்கள். தேர்வு முடிவு வந்த நாளில் இரண்டு ஊர்க்காரர்களும் 'அது அடுத்த ஊருக்காரன் காலேஜ்' என்பார்கள். 1979இல் கிருபாபாய் அங்கே நூலகராகச் சேர்ந்தபோது புத்தகங்களெல்லாம் கண்ணாடிக் கதவுபோட்ட பீரோக்களுக்குள் நகைக்கடைச் சங்கிலி மாதிரி பத்திரமாக இருந்தன. சாவிக்கொத்து அட்டெண்டர் மாரிச்சாமியின் இடுப்பில் இருந்தது. மாணவன் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். மாரிச்சாமி சீட்டைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். முகம் சரியில்லை என்றால் புத்தகம் இல்லை. புத்தகத்தைக் கொடுத்தால் கிழியும், கொடுக்காவிட்டால் கிழியாது என்பது நிர்வாகம் ஆராய்ந்து கண்ட முடிவு.

சேர்ந்த மூன்றாம் நாள் கிருபாபாய் அத்தனை பூட்டையும் கழற்றி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே 'அருங்காட்சிப் பொருள்' என்று எழுதிப் பரணில் வைத்தாள். மாரிச்சாமி ஒரு வாரம் இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

அடுத்ததாகக் கைவைத்தது கால அட்டவணையில். விளையாட்டு ஆசிரியர் நீண்ட விடுப்பில் போனதால் புதன்கிழமை மூன்றாவது பீரியடு அநாதையாகக் கிடந்தது. அதை எடுத்து வளர்த்தாள். பி.ஏ. பிள்ளைகளை நூலகத்துக்குள் உட்காரவைத்து கேட்லாக் அட்டையைத் தேடுவது எப்படி, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் அகரவரிசை எதற்கு, சென்சஸ் புத்தகத்தில் சொந்த ஊர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தாள். கரும்பலகையில் மூன்று கேள்விகள் நிரந்தரமாக இருக்கும்: யார் சொன்னது? எப்போது சொன்னது? அவர் எங்கே போய்ப் பார்த்தார்?

இந்த மூன்று கேள்விகளும் நூலகத்துக்குள்ளேயே இருந்திருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. பிள்ளைகள் அதை வகுப்புக்கும் எடுத்துக்கொண்டு போனார்கள். இருபது வருஷப் பழுப்புநிற நோட்ஸை விரித்து, "எழுதிக்கோங்க" என்று ஒரு பேராசிரியர் ஆரம்பித்தால், கடைசி பெஞ்சிலிருந்து "எங்கே பார்த்தது சார்?" என்று குரல் வரும். ஆசிரியர் அறையில் கிருபாபாய்க்கு நல்ல பெயர் இல்லை என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

1988 ஜனவரியில் பரணில் கரையான் பிடித்தது. மாரிச்சாமி ஏணிமேல் நின்று கறுப்பு அட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கித் தட்டினார். மூன்றாமாண்டுப் பொருளாதார மாணவர்கள் வருஷா வருஷம் எழுதிக் கொடுக்கும் 'கிராம ஆய்வு அறிக்கை'கள் அவை. ஒன்று கைதவறி விழுந்து விரிந்தது. அட்டவணை ஏழு. கிருபாபாய் குனிந்து படித்தாள். தேவதானம் மேலத்தெரு: வீடுகள் 86. மாட்டுவண்டி 14 (ஒன்று அச்சு ஒடிந்தது). ரேடியோ 5. கர்ப்பிணி 1 (எட்டாம் மாதம்).

அது 1981. பக்கத்தில் கிடந்த 1984ஐப் பிரித்தாள். வண்டி 14, அச்சு ஒடிந்தது ஒன்று. 1977, 1986, 1979. நீள மேஜையில் வருஷத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டையும் வரிசையாக விரித்துவைத்தாள். பன்னிரண்டிலும் அதே வண்டி, அதே ஒடிந்த அச்சு, அதே எட்டாம் மாசம்.

மாரிச்சாமி ஏணியிலிருந்து இறங்கிவந்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஏன் மேடம், எட்டாம் மாசம் கெடக்கட்டும், அது கடவுள் செயல். இந்த அச்ச ஒரு ஆசாரிகிட்டக் காட்டக் கூடாதா?"

கிருபாபாய்க்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. பன்னிரண்டில் ஒன்பது அறிக்கைகளில் இருந்தது அவள் குத்திய முத்திரை. கட்டுக்கட்டாக வரும், சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டு, தடக் தடக்கென்று குத்தி அனுப்பியிருக்கிறாள். ஊருக்கெல்லாம் மூன்று கேள்வி சொல்லிக்கொடுத்த கை.

விசாரித்தால் விஷயம் சுலபமாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் டைப்பிங் கடையில் அறிக்கையின் ஸ்டென்சில் தயாராக இருக்கிறது. மாணவன் போனால் கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்பார்: பேர் என்ன, வருஷம் என்ன. சாயங்காலம் பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் ஆராய்ச்சி முடிந்திருக்கும்.

அடுத்த புதன்கிழமை மூன்றாமாண்டுப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரையும் பன்னிரண்டு அறிக்கைகளைச் சுற்றி நிற்கவைத்தாள். "நூலக முத்திரை இல்லாம உங்க அறிக்கை வைவாவுக்குப் போகாது. அது காலேஜ் விதி, நான் போட்டதில்ல. இந்த வருஷம் ஒவ்வொரு எண்ணுக்கும் எங்க கெடச்சதுன்னு காட்டுனாத்தான் முத்திரை. இது நான் போட்ட விதி."

மறுநாளே துறைத் தலைவர் சௌந்தரபாண்டியன் நூலகத்துக்கு வந்தார். அவர் நூலகத்துக்கு வருவது அந்தக் கல்வியாண்டில் அதுதான் முதல் தடவை என்பதால் மாரிச்சாமி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"மேடம், முத்திரை குத்துறது உங்க வேலை. உள்ள என்ன இருக்குன்னு பாக்குறது எங்க வேலை."

"பாத்தீங்களா சார்?"

"என்னது?"

"உள்ள. பன்னெண்டு வருஷமா எட்டாம் மாசம். பாத்திருந்தா ஒரு நர்ஸம்மாவையாவது அனுப்பியிருப்பீங்களே."

சௌந்தரபாண்டியனின் காது சிவந்தது. "அது மாடல் அறிக்கை. பிள்ளைங்க அமைப்பப் பாத்துப் பழகணும்னு வச்சது. அதுல இருக்குற புள்ளிவிவரத்துல ஒரு தப்புக் கெடயாது, தெரியுமா? ஒரு தப்புக் கெடயாது!" அவர் இதைச் சொன்ன வேகம் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒம்பது வருஷம் நீங்கதான குத்துனீங்க?"

"ஆமா சார். மறுக்கல. அதுக்கு ஆதாரம் இருக்கு, என் முத்திரையேதான்."

அவர் நேராக முதல்வர் அறைக்குப் போனார். சாயங்காலம் மெமோ வந்தது. 'தங்களது அத்துமீறிய செயலால் மாணவர்கள் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளதாகத் தெரியவருகிறது. மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

கிருபாபாய் மெமோவை இரண்டு முறை படித்தாள். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தாள். வந்த காகிதத்துக்கு எண் போடுவது நூலகரின் கடமை. 14,306. மேலே ஊதா முத்திரை. எந்தப் பிரிவில் வைப்பது என்று சற்று யோசித்து, 'சிறுகதை' என்று வகைப்படுத்தி, மாணவர்கள் எடுத்துப் படிக்கும் திறந்த அலமாரியில் வைத்தாள். விளக்கமும் எழுதினாள். ஒன்றரைப் பக்கம், அடிக்குறிப்பு மட்டும் பதினொன்று. 'மிகுந்த மன உளைச்சல்' என்ற இடத்தில் குறிப்பு எண் நான்கு: எத்தனை மாணவர்கள்? யார் அளந்தது? எந்தத் தேதியில்?

மடவார் வளாகத் தெரு வாடகை வீட்டில் கிருபாபாயின் புருஷன் தவசிமுத்து, சாப்பிட உட்காரும்போது விஷயத்தைக் கேட்டு, பிசைந்த கையோடு அப்படியே இருந்துவிட்டார். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நகல் எழுத்தர். தீர்ப்பில் நீதிபதி பிழையாக எழுதியிருந்தாலும் பிழை மாறாமல் நகலெடுப்பதில் மாவட்டத்தில் பேர் வாங்கியவர்.

"ஏட்டி கிருபா, நகல் எடுக்கிறது ஒரு குத்தமா? நாம திங்குற சோறே அதுலதான வருது?"

"குத்தமில்ல. நீங்க நகல் எடுத்து அடியில என்ன எழுதுவீய?"

"உண்மை நகல்னு எழுதிக் கையெழுத்துப் போடுவேன்."

"அந்தப் பிள்ளையளும் அப்படி எழுதட்டும். 'இது எழுபத்தாறாம் வருஷ அறிக்கையின் உண்மை நகல்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரட்டும். செத்த நேரத்துல முப்பத்திரண்டையும் குத்தித் தாரேன்."

தவசிமுத்து யோசித்துப் பார்த்தார். சட்டப்படி ஓட்டை எதுவும் தெரியவில்லை. "வேலய விட்டு எடுத்துட்டா?" என்றார்.

"எடுத்தா எழுத்துலதான எடுப்பாவ? அதுக்கும் நம்பர் போடுவேன். நீங்க சாப்பிடுங்க."

இரண்டாவது மெமோ மார்ச் முதல் வாரத்தில் வந்தது. இதில் உளைச்சல் எதுவும் இல்லை, சுற்றிவளைக்காமல் இருந்தது. மார்ச் 25ஆம் தேதிக்குள் முப்பத்திரண்டு அறிக்கைகளிலும் முத்திரை விழ வேண்டும். தவறினால் நூலகர் தற்காலிகப் பணிநீக்கம்; புதன்கிழமை பீரியடு ரத்து; பீரோக்களுக்குப் பழையபடி பூட்டு. பணிநீக்கத்தை அவள் எதிர்பார்த்திருந்தாள். பூட்டு என்ற சொல்லில்தான் கண் நின்றது. 14,307 என்று எண் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

அன்று பீரியடு முடிந்ததும் அப்ரோஸ் பேகம் என்ற மாணவி மட்டும் போகாமல் நின்றாள். பீரோ திறந்த நாளிலிருந்து அதிகம் பயன்பெற்றவள்; ஒரு வருஷத்தில் நூற்றுப் பத்துப் புத்தகம் எடுத்தவள்.

"குத்திருங்க மேடம். எங்களால உங்க வேலை போயிரும்னு எல்லாரும் பேசிக்கிடுதாங்க."

"என் வேலய நான் பாத்துக்கிடுதேன். நீ உன் அட்டவணை ஏழப் பாரு."

"அதுக்கு தேவதானத்துக்கே போகணுமே மேடம்."

"போனா என்ன? டவுன் பஸ்ஸு போகுதுல்ல?"

முப்பத்திரண்டு இளங்கலைப் பொருளாதார மாணவர்களில் ஒருவருக்குக்கூட அதுவரை இந்த வழி தோன்றவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவைப்பது நல்லது.

மார்ச் 5, சனிக்கிழமை. காலை பஸ்ஸில் சேத்தூரைத் தாண்டி தேவதானத்தில் முப்பத்திரண்டு பேரும் இறங்கினார்கள். கிருபாபாய் மிச்சமிருந்த வெற்று கேட்லாக் அட்டைகளைக் கட்டாகக் கொண்டுவந்திருந்தாள். ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை. மேலே வீட்டு எண், கீழே தேதி, சொன்னவர் பெயர், எண்ணியவர் பெயர். "யாரும் சொல்லாதத எழுதாதீங்க. சொன்னத விடாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

மேலத்தெரு இந்தப் படையெடுப்பை எதிர்பார்க்கவில்லை. கடன் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று ஒரு வீட்டிலும், கருத்தடைக்கு ஆள்பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று இன்னொரு வீட்டிலும் நினைத்தார்கள். இரண்டாவது வீட்டில் கதவு திறக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. அச்சு ஒடிந்த வண்டியின் சொந்தக்காரர் கிடைத்தார். "அதயா தேடுதீய? அத எழுபத்தெட்டுலயே வெறகாக்கி மவ கல்யாணத்துக்கு எரிச்சாச்சே." மலைச்சாமி என்ற மாணவன் அதை அப்படியே அட்டையில் எழுதி, அவர் பெயரையும் போட்டுக்கொண்டான்.

அப்ரோஸ் பேகம் நாற்பத்தோராம் வீட்டிலிருந்து கையாட்டிக் கூப்பிட்டாள். கிருபாபாய் போனாள். வாசலில் நடுவயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் கைவைத்து நின்றாள். வெள்ளைத்தாய் என்று பெயர் சொன்னாள்.

"எளுவத்தாறுல இந்தத் தெருவுல எட்டாம் மாசம்னா அது நாந்தான்" என்றாள் வெள்ளைத்தாய். "வேற யாரு இருந்தா? ஒரு தம்பி வந்து கேட்டாரு. ஒல்லியா இருப்பாரு, காதெல்லாம் வேர்த்து ஊத்துது. வீடு வீடா ஏறி எறங்குனாரு. எத்தன ஆடுன்னு கேட்டு, சொன்னா நம்பாம, கெடைக்கே போயி எண்ணிட்டு வந்தாரு. அவருக்கு நாந்தான் கஞ்சி ஊத்துனேன். கொடய விட்டுட்டுப் போயிட்டாரு. திரும்பி வருவாருன்னு வச்சிருக்கேன்."

"அவர் பேரு?"

"சௌந்தரமோ என்னமோ சொன்னாரு. காலேசுல புதுசா வாத்தியாராச் சேந்திருக்கேன்னாரு."

அந்த மாடல் அறிக்கையில் ஒரு தப்புக் கிடையாது என்று சௌந்தரபாண்டியன் வேகமாகச் சொன்னது கிருபாபாய்க்கு இப்போது விளங்கியது. தப்பு நிஜமாகவே இருந்திருக்காது. ஆட்டுக்கிடை வரை போய் எண்ணிய ஆள்.

"அப்ப வயித்துல இருந்த பிள்ள?" என்று கேட்டாள் அப்ரோஸ் பேகம், அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு.

"இந்தா வருதால்ல. ஏட்டி பாலம்மா, வெரசா வா, உன்னயத்தான் எழுதுதாக."

அட்டவணை ஏழின் எட்டாம் மாசம், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான்கு ஆட்டைப் பத்தியபடி, ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றது.

பத்து நாளில் முப்பத்திரண்டு அறிக்கைகளும் எழுதி முடிந்தன. வீடுகள் 103. மாட்டுவண்டி 5. மொபெட் 9. டி.வி. 7. கர்ப்பிணிகள் 6, ஆறு பேருக்கும் வெவ்வேறு மாசம். ஒவ்வோர் எண்ணுக்குக் கீழேயும் வீட்டு எண், தேதி, சொன்னவர் பெயர். கோர்ட்டுக்கு எதிரே இருந்த டைப்பிங் கடைக்காரர், "புதுசா அடிக்கணுமா? முழுசாவா?" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

சிக்கல் புது வடிவம் எடுத்தது. சௌந்தரபாண்டியன் புது அறிக்கைகளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். எண்கள் அங்கீகரிக்கப்பட்ட எண்களோடு ஒத்துப்போகவில்லையாம். கிருபாபாய் பழைய எண்களில் முத்திரை குத்த மாட்டேன் என்றாள். கையெழுத்து விழுவதில் முத்திரை விழாது, முத்திரை விழுவதில் கையெழுத்து விழாது. மார்ச் 25 காலை பத்தரை மணிக்கு முதல்வர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நூலகர் முத்திரையோடு வர வேண்டும் என்று உத்தரவு.

கிருபாபாய் முத்திரையோடு போனாள். மைப்பெட்டி, முப்பத்திரண்டு அறிக்கைகள், நூற்று மூன்று அட்டைகள், இவற்றோடு செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்று. தூக்கிக்கொண்டு மாரிச்சாமி பின்னால் வந்தார்.

முதல்வர் கையை நீட்டினார். "முத்திரைய வச்சிட்டுப் போங்க மேடம். நானே குத்திக்கிறேன்."

"குத்தலாம் சார். சேர்க்கை எண் என் கையெழுத்துல பதிவேட்டுல ஏறணும். ஏறாத முத்திரைய வைவாவுக்கு வர்றவங்க ஒத்துக்கிட மாட்டாங்க. நான் ஏத்த மாட்டேன். சஸ்பெண்ட் பண்ணணும்னா இப்பவே பண்ணுங்க, ஆர்டருக்கு நம்பர் தயாரா இருக்கு."

"என்ன நம்பர்?"

"14,308. முன்னால வந்த ரெண்டும் சிறுகதை அலமாரியில இருக்கு."

முதல்வருக்கு அந்த அலமாரியைப் பற்றி அப்போதுதான் தெரியவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் கிருபாபாய் பொட்டலத்தைப் பிரித்து சௌந்தரபாண்டியன் முன்னால் வைத்தாள். கைப்பிடி வளைந்த கறுப்புக் குடை. ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் நாற்பத்தோராம் வீட்டு அட்டையை வைத்தாள்.

"சார், நீங்க போனீங்க. ஆட்டுக்கெடை வரைக்கும் போயி எண்ணுனீங்க. அதுக்கு ஆதாரம் இந்தக் கொட. உங்களுக்குப் பொறவு ஒருத்தரும் போகல. எழுபத்தாறுல நீங்க நகலா எடுத்தீங்க?"

சௌந்தரபாண்டியன் அட்டையைப் படித்தார். 'வெள்ளைத்தாய். 1976இல் எட்டாம் மாதம். பிறந்தது பெண், பாலம்மாள், ஆறாம் வகுப்பு. சொன்னவர்: தாய். எண்ணியவர்: அப்ரோஸ் பேகம். 5.3.88.' காது சிவந்தது, வேர்த்தது. வெள்ளைத்தாய் சொன்னது சரிதான், கிருபாபாய் நினைத்துக்கொண்டாள், காதில்தான் வேர்க்கிறது.

"ஆடு எத்தன?" என்றார் அவர் கடைசியில்.

"அம்பத்தொண்ணு. கெடைக்குப் போயி எண்ணுனது."

"யாரு?"

"மலைச்சாமி. அட்டை இருக்கு, பாருங்க."

அவர் பேனாவைத் திறந்தார். முப்பத்திரண்டிலும் கையெழுத்துப் போட்டார். முப்பத்திரண்டாவதில் தேதி போட மறந்தபோது கிருபாபாய் விரலால் காட்டினாள், போட்டார். அதன்பிறகு முதல்வர் அறை மேஜைமேலேயே தடக் தடக்கென்று முத்திரை விழுந்தது. சௌந்தரபாண்டியன் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளியே சுட்டெரிக்கும் வெயிலிலும் விரிக்காமலே போனார்.

முதல்வர் தொண்டையைச் செருமினார். "சரி மேடம். முடிஞ்சது முடிஞ்சுபோச்சு. அந்த மெமோ ரெண்டையும் திருப்பிக் குடுத்துருங்க. ரெண்டு பேரும் மறந்துருவோம்."

"முடியாது சார். சேர்க்கைப் பதிவேட்டுல ஏறுன பொருள நூலகத்த விட்டு நீக்க முடியாது. அதுக்குக் கமிட்டி கூடணும்." மைப்பெட்டியை மூடினாள். "வேணும்னா ரெண்டு வாரத்துக்கு இரவல் தாரேன்."

முதல்வர் இரவல் சீட்டில் கையெழுத்துப் போட்டு, சிறுகதைப் பிரிவிலிருந்து 14,306ஐயும் 14,307ஐயும் எடுத்துக்கொண்டு போனார். திருப்பித் தருகிற உத்தேசம் அவருக்கு இல்லை. பதினைந்தாம் நாள் மாரிச்சாமி முதல் நினைவூட்டுக் கடிதத்தோடு அவர் அறை வாசலில் நின்றார். அதன்பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நின்றார். பீரோக்களுக்குப் பூட்டு வரவில்லை. புதன்கிழமை பீரியடு கால அட்டவணையில் அச்சிலேயே ஏறியது. தேவதானத்துக்கு வருஷா வருஷம் டவுன் பஸ் நிறைய ஆள் போனது. மேலத்தெருக்காரர்கள் மார்ச் மாசம் ஆடுகளைத் தாங்களே எண்ணித் தயாராக வைத்துக்கொள்ளப் பழகினார்கள், பிள்ளைகள் நம்பாமல் கிடைக்குப் போய் மறுபடி எண்ணினார்கள்.

1993 மே மாசம் முதல்வர் ஓய்வு பெற்றார். ஓய்வூதியக் கோப்பு நகர வேண்டுமானால் எல்லாத் துறையிலும் பாக்கி எதுவும் இல்லை என்கிற நோ டியூ சான்றிதழில் முத்திரை வாங்க வேண்டும். பதினான்கு துறையிலும் வாங்கிவிட்டார். நூலகக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. வீட்டில் மூன்று டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடியதாகவும், கடைசியில் இரண்டு மெமோவும் அரிசி டின்னுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தில் கிடைத்ததாகவும் கேள்வி. மாரிச்சாமியிடம் கொடுத்தனுப்ப மனசு வராமல் அவரே கொண்டுவந்தார். நூலகத்தில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

கிருபாபாய் இரண்டு காகிதத்தையும் மேஜையில் விரித்து, மடிப்பை நீவி, ஓரம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தாள். பதிவேட்டில் எண்ணைச் சரிபார்த்தாள். நோ டியூ தாளை இழுத்து, மைப்பெட்டியைத் திறந்து, முத்திரையை மையில் ஒற்றி, குத்துவதற்கு முன் கையை அந்தரத்தில் நிறுத்தித் தலையை நிமிர்த்தினாள்.

"படிச்சு முடிச்சிட்டீங்களா சார்? இன்னும் ரெண்டு வாரம் வேணுமா?"